ஸுஹுரா இரும வேண்டும்

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் ஐகான்டே சொன்னபோது பாஸி ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். உட்கார வேண்டும் என்று நினைக்கவில்லை.

"கால் விரலை அசைக்கிறா. நீங்களே போய்ப் பாருங்க. முதுகைப் பத்தி இனிமே எனக்குப் பெரிய பயமில்ல, வாத்தியாரே."

"அல்லா காப்பாத்திட்டான்."

"பயம் இனிமே நெஞ்சைப் பத்திதான்" என்றார் டாக்டர்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்வது அவர் பழக்கம் போலிருக்கிறது. பாஸி எழுந்து நின்றான்.

மோட்டார் சைக்கிள் டாக்ஸியின் பின்னால், மடியில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு, ஒருக்களித்து உட்கார்ந்து போனவள் அவன் மனைவி ஸுஹுரா. ம்பகாலா சாலையில் லாரி ஒன்று உரசியதில் தூக்கி எறியப்பட்டாள். நெஞ்சுக்குப் பின்னால் மேல் பக்கம் முதுகெலும்பு முறிந்தது. கூடவே விலா எலும்பு சிலதும் போனது. இப்போது முதுகில் இரண்டு கம்பியும் எட்டுத் திருகாணியும் இருக்கின்றன.

டாக்டர் தன் கைபேசியில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். முறிவு மேல் பக்கம். விலாவும் உடைந்திருக்கிறது. ஆபரேஷன் இழுத்துக்கொண்டு போனது. ரத்தம் நிறையப் போனது. உடம்பில் சத்துக் குறைவு. "சிகரெட் கிடையாதுன்னு சொன்னீங்க. ஆனா நாள் பூரா விறகடுப்புக்கு முன்னாடி மரவள்ளி பொரிச்சு விக்கிறவங்க. அந்தப் புகையையும் நான் சேத்துக்கிட்டேன்."

"சேத்து?"

"இப்படி இருக்கிறவங்க பத்துப் பேர்ல நாலு பேருக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும். நுரையீரல் அடிப்பக்கம் சுருங்கிப் போகும். அப்புறம் நிமோனியா. வந்தா இந்த ரெண்டு மூணு நாள்லயே வந்துரும்."

"எந்த நாலு பேரு?"

"அது தெரிஞ்சா எனக்கு இந்தக் கணக்கே வேண்டாமே" என்றார் டாக்டர். "தீவிர சிகிச்சைப் பிரிவுல ஒரு கட்டில் கேட்டுப் பாத்தேன். இல்ல. வார்டுலதான் பாத்துக்கணும். மூச்சை ஆழமா இழுக்கணும், இருமணும். இருமினா வலிக்கும். வலிச்சாலும் இருமணும். புரியுதா?"

"புரியுது டாக்டர்."

பாஸிக்குப் புரிந்தது நாலு என்பது மட்டும்தான்.

தெமெகேயில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அவன் கணக்கு வாத்தியார். பையில் பத்துப் பந்து, நாலு சிவப்பு, ஆறு வெள்ளை. ஒன்றை எடுத்தால் சிவப்பு வர என்ன வாய்ப்பு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன். பந்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போடலாம். இங்கே பத்துப் பேர் இல்லை. ஒருத்தி இருந்தாள். கழுத்துவரை போர்த்திக்கொண்டு, உதடு வெடித்து, கடைசிக் கட்டிலில் கிடந்தாள்.

"ஷானியப்பா" என்றாள். குரல் காற்றுப் போன டயர் மாதிரி இருந்தது. "ஷானி எங்க?"

"அக்கா வீட்டுல. சாப்பிட்டா. நீ பேசாத."

அவன் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். பேசாத. அசையாத. மெதுவா.

வெள்ளிக்கிழமை, உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர் வந்தார். கால் பாட்டில் தண்ணீரில் ஒரு ரப்பர் குழாயை விட்டு, ஊதச் சொன்னார். ஊதினால் குமிழி வர வேண்டும். குமிழி வந்தால் காற்று அடிவரை போகிறது என்று அர்த்தம். மணிக்கு ஒரு தடவை. பிறகு ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பலமாக இரும வேண்டும்.

ஸுஹுரா ஒரு தடவை ஊதினாள். நாலைந்து குமிழி வந்தது. இருமச் சொன்னபோது கண்ணில் நீர் கொட்டியது. தொண்டையில் மட்டும் 'க்' என்றாள்.

"நல்லா இருமணும் தங்கச்சி. சனி ஞாயிறு எங்க பிரிவு கிடையாது. நீங்கதான் பாத்துக்கணும் வாத்தியாரே."

அவர் போனதும் ஸுஹுரா பாட்டிலைத் தள்ளினாள். "முடியலீங்க. உள்ள கத்தி வச்சுத் திருகுற மாதிரி இருக்கு. திருகாணி கழண்டுருமோன்னு பயமா இருக்கு."

பாஸிக்கும் அதே பயம்தான். புது மேஜையில் முடுக்கிய திருகாணிகூட ஆட்டினால் தளர்ந்துவிடுகிறது. எலும்பில் முடுக்கியது எப்படித் தாங்கும்? டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படித்தவன், இதுகூடத் தெரியவில்லையா என்று நினைத்துவிடுவார் என்று தோன்றியது.

வார்டுக்கு இரண்டு நர்ஸ்கள். நடுவில் துணித் தடுப்பு. அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுப்பார்கள்: "கடைசிக் கட்டில், ஊதியாச்சா?"

ஸுஹுரா அவனைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. பாஸி குழாயை வாயில் வைத்து ஊதினான். குளுகுளுவென்று குமிழி சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

"சபாஷ்" என்றது தடுப்புக்கு அந்தப் பக்கம்.

ஸுஹுரா கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. அவளுக்கு ஒரு உதவி செய்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. அன்று முழுக்க, நர்ஸ் கேட்கும்போதெல்லாம், அவன்தான் ஊதினான்.

சனிக்கிழமை மதியம் பார்வையாளர் நேரத்தில் மிலெம்பே வந்தாள்.

மிலெம்பே சுகுமா சாதி, மாடு மேய்க்கிற கூட்டம். ஃபெரி சந்தையில் மீன் விற்கிறவள். பாஸியும் ஸுஹுராவும் கடற்கரை ஸராமோக்கள். ஸராமோவுக்கும் சுகுமாவுக்கும் கேலி முறை. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சாவு வீட்டில்கூடச் சொல்லலாம், கேட்டவன் கோபப்படக் கூடாது. ஸுஹுராவின் அடுப்புக்கு எதிரில்தான் மிலெம்பே முன்பு மீன் கூடை வைத்திருந்தாள். காலையில் இருவரும் திட்டிக்கொள்ளாமல் வியாபாரம் தொடங்கியதில்லை.

வார்டு வாசலிலேயே அவள் குரல் கேட்டது.

"எங்கடி பொணம்? சாவு வீட்டுப் புலாவு திங்கலாம்னு காலைலருந்து பட்டினியா வந்திருக்கேன். இன்னும் முழிச்சுக்கிட்டு கெடக்குறா?"

பக்கத்துக் கட்டில்காரி திகைத்துப் பார்த்தாள். பிறகு முறை புரிந்து சிரித்தாள்.

"வாடி மாட்டுக்காரி" என்றாள் ஸுஹுரா, மெல்ல.

"கடற்கரைக்காரங்க சோம்பேறின்னு தெரியும். வண்டிய விட்டு எறங்கக்கூடவா சோம்பல்? காலை ஊனி எறங்குறதுக்குப் பதிலா அப்படியே விழுந்துட்டியே." மிலெம்பே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாஸியை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, நீ போய்ச் சேந்தா இவன நான் எடுத்துக்கிறேன். எங்க ஊர்ல பொண்ணு எடுக்க ஆம்பளைதான் மாடு குடுப்பான். இவனுக்காக நான் குடுக்கிறேன். ரெண்டு மாடு. ம்... இந்த ஒடம்புக்கு ரெண்டு அதிகம். ஒரு மாடு, ஒரு நொண்டிக் கன்னுக்குட்டி."

ஸுஹுரா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. நெஞ்சுக்குள்ளிருந்து, எங்கோ கீழேயிருந்து வந்த இருமல். ஒன்று, அடுத்து இன்னொன்று. அவள் வீறிட்டாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகம் சாம்பல் நிறமாகி, வாயோரம் மஞ்சளாக ஏதோ வழிய, "அம்மா, அம்மா" என்றாள்.

பாஸி மிலெம்பேயின் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

"வெளிய போ."

"என்னய்யா..."

"வெளிய போன்னேன். அவளைக் கொல்லவா வந்த? முதுகுல கம்பி வச்சு ரெண்டு நாள்தான் ஆகுது. அறிவில்லையா உனக்கு?"

கேலி முறைக்காரியிடம் கோபப்பட்ட ஸராமோவை அங்கே யாரும் பார்த்ததில்லை. மிலெம்பே எழுந்தாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். கொண்டுவந்த பொரித்த மீன் பொட்டலம் ஸ்டூலில் இருந்தது.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க" என்றாள் ஸுஹுரா, வலி அடங்கிய பிறகு.

"நீ பேசாத. அசையாம படு."

அவள் அசையாமல் படுத்தாள்.

ஞாயிறு காலையில் அவள் உடம்பு சுட்டது. முதலில் பாஸி தன் கைதான் சூடாக இருக்கிறதென்று நினைத்தான். புறங்கையை வைத்துப் பார்த்தான். மூச்சு குட்டையாக, வேகமாக, நாய்க்குட்டி மாதிரி வந்தது. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. நர்ஸ் விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கவ்வியை மாட்டிப் பார்த்துவிட்டு, டாக்டரைக் கூப்பிடப் போனாள். அவள் ஓடாமல் நடந்தாள். ஆனால் அந்த நடை அவனுக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் ஐகான்டே முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். எக்ஸ்ரே படம் எடுக்க வைத்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடது பக்கம் அடியில் வெள்ளையாக மூடியிருந்தது.

"ஊதுங்க பாப்போம்" என்று பாட்டிலை நீட்டினார்.

ஸுஹுரா ஊதினாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"நல்லா ஊதுறாங்கன்னு நர்ஸ் சொன்னாங்களே. நேத்து, அதுக்கு முந்தின நாள், எல்லா வேளையும்."

பாஸி தரையைப் பார்த்தான். "நான்தான் ஊதினேன்."

டாக்டருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் பாட்டிலை ஸ்டூலில் வைத்தார்.

"உங்க நுரையீரல் நல்லா இருக்கு வாத்தியாரே."

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். அவனை நடைபாதைக்குக் கூட்டிப்போனார்.

"அன்னைக்கு நான் உங்ககிட்ட ஒரு கணக்கு சொன்னேன். எதுக்குச் சொன்னேன்?"

"தயாரா இருக்கணும்னு."

"எதுக்குத் தயாரா? அழறதுக்கா? நாலு பேருக்கு வரும்னா, அது வராம பாத்துக்கணும்னு சொன்னேன். நீங்க அதைத் தலையெழுத்து மாதிரி வாங்கிக்கிட்டுப் பக்கத்துல காவல் உக்காந்துட்டீங்க."

"திருகாணி கழண்டுரும்னு..."

"இருமினா கழலாது. நான் முடுக்கினது. ஓட்டப்பந்தயத்துல ஓடினாத்தான் திட்டுவேன், இருமினா இல்ல." அவர் நெற்றியைத் தேய்த்தார். "மருந்து ஏத்துறேன், ஆக்ஸிஜன் வைக்கிறேன். ஆனா அந்தச் சளி வெளிய வரணும். சாயந்திரத்துக்குள்ள மூச்சு வேகம் இறங்கலன்னா தொண்டையில குழாய் போட்டு மிஷின்ல வைக்கணும். இங்க மிஷின் காலியில்ல. ஊருக்கு அந்தப் பக்கம் வேற ஆஸ்பத்திரிக்கு, இந்த முதுகோட, ஆம்புலன்ஸ்ல அனுப்பணும். அதுல என்னென்ன ஆகலாம்னு கணக்கு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்."

"நான் என்ன செய்யணும்?"

"இரும வைங்க. அவளுக்காக நான் இரும முடியாது. நீங்களும் முடியாது."

வலி மருந்து ஊசி போட்டார்கள். தலைமாட்டை உயர்த்தினார்கள். பாஸி தலையணையை அவள் நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அதட்டினான். ஷானி பெயரைச் சொன்னான். ஸுஹுரா தலையாட்டினாள், மூச்சை இழுத்தாள், பாதியில் வலி வந்து நிறுத்தினாள். 'க்' என்றாள். மறுபடி 'க்'. கண் பயந்துபோய் இருந்தது. இழுக்க வேண்டிய மூச்சை அவள் உடம்பே கொடுக்க மறுத்தது. வேண்டுமென்று செய்யவில்லை. சூட்டை நெருங்கும் கை தானாக இழுத்துக்கொள்கிற மாதிரி.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் உண்மையாக இருமியது ஒரே ஒரு தடவை. அந்தத் தடவை இருமச் சொன்னது யாரும் இல்லை.

பாஸி பக்கத்துக் கட்டில்காரியிடம் தலையணையைக் கொடுத்தான். "அக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க. வந்துடறேன்."

ஃபெரி சந்தைக்குப் போகும் சிற்றுந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏற்றியது. நடத்துனன் கதவைத் தட்டித் தட்டிக் கூவினான். பாஸி இறங்கி நடந்துவிடலாமா என்று பார்த்தான். நடந்தால் இன்னும் தாமதம். உட்கார்ந்து தன் மூச்சை எண்ணினான். பிறகு அதை நிறுத்தினான்.

மிலெம்பே சிமெண்ட் மேடையில் சூரை மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கத்தி நின்றது. அவன் முகத்தைப் படித்தாள். பிறகு மறுபடி வெட்டினாள்.

"யாரு வந்திருக்கா பாருங்கடி. ஸராமோ நாட்டு ராசா. அடிக்க வந்திருக்காரு."

"மிலெம்பே, தப்பு என்மேலதான்."

"தப்பா? கேலி முறைக்காரிகிட்ட கோபப்பட்டா அது தப்பில்ல, அபராதம். எங்க அப்பன் இருந்தா கோழி கேப்பான். நான் உன் தலைய கேக்குறேன். எதுக்கும் உதவாது, மீன் கூடை வைக்கலாம்."

"அவளுக்குக் காய்ச்சல். நெஞ்சு அடைச்சிருச்சு. இருமலன்னா..." மேடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "நேத்து நீ சிரிக்க வச்சதுல ஒரு தடவை இருமினா. அதுக்கப்புறம் இருமல. நீ வரணும்."

"கொல்றவளை எதுக்குக் கூப்பிடுற?" என்றாள் மிலெம்பே. "அறிவில்லாதவ. மாட்டுக்காரி. ஆஸ்பத்திரிக்கெல்லாம் எனக்கு வழி தெரியுமா? இந்தப் பட்டணத்துக்கு வந்து இருபது வருசமாகியும் கடல்னா பெரிய குட்டைன்னு நெனைக்கிறவ." வாய் நிற்காமல் பேசியது. கை கத்தியைக் கழுவி, மேலங்கியை அவிழ்த்து, மீனைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளி, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. "என்ன நிக்கிற? கூடைய எடு. தலைல வை. அபராதம் அபராதம்தான்."

வெறும் கூடை. மீன் தண்ணீர் காதோரம் வழிந்தது. வழி நெடுக, சிற்றுந்திலும்கூட, அவன் அதை இறக்கவில்லை.

வார்டு நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு தடுக்க வந்தாள். டாக்டர் தூரத்திலிருந்து கையை அசைத்தார். விடுங்கள் என்று.

ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்த ஸுஹுராவைப் பார்த்ததும் மிலெம்பே ஒரு கணம் நின்றாள். அவள் கை முந்தானைத் துணியைக் கசக்கியது. பிறகு கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, ஒப்பாரி வைத்தாள்.

"ஐயோ என் தோழி. போயிட்டியே. உன் மரவள்ளி கருகியும் இருக்கும், வேகாமலும் இருக்கும், ரெண்டும் ஒரே துண்டுல. அப்படி இனிமே யாரு பொரிப்பா? உன்கிட்ட தின்னவன் எல்லாம் ஒரு கையால வாங்குவான், ஒரு கையால வயித்தப் பிடிப்பான். அவனெல்லாம் இன்னைக்கு நிம்மதியா இருக்கானே."

ஸுஹுராவின் கண் திரும்பியது. உதடு துடித்தது.

"உன் புருசன் என்னோட வந்துட்டான்டி. பாரு. கூடை தூக்குறான். கல்யாணத்துக்கு முன்னாடியே கூடை தூக்குறான். கணக்கு வாத்தியாராம். ஒரு மாட்டுக்கு எத்தனை காலுன்னு கேட்டேன், கரும்பலகை வேணுங்கறான்."

பாஸி அப்போதுதான் தலையில் கூடை இருப்பதை உணர்ந்தான். அதோடேயே தலையணையை எடுத்து அவள் நெஞ்சில் அழுத்தினான்.

அவள் சிரித்தாள். சிரிப்பு மூச்சை இழுத்தது, அவள் கேட்காமலேயே, அடிவரை. இருமல் வந்தது. வீறிட்டாள். "விடாத" என்றார் டாக்டர், எப்போது பக்கத்தில் வந்தாரோ. மிலெம்பே விடவில்லை. ஸுஹுரா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருமினாள், "செத்துப் போடி மாட்டுக்காரி" என்றாள், மறுபடி இருமினாள். நர்ஸ் நீட்டிய கிண்ணத்தில் பச்சையும் மஞ்சளுமாகக் கெட்டிச் சளி விழுந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். விரல் கவ்வியில் எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பாஸி எண்ணைப் பார்க்கவில்லை. தலையணையின் கீழ் அவள் விலா ஏறி இறங்குவதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

மிலெம்பே நிறுத்தியபோது அவள் குரல் கம்மியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததில் வந்த நீர் என்று யாரும் நினைக்கவில்லை.

அன்று பிற்பகல் முழுக்க அப்படித்தான் போனது. கொஞ்சம் கேலி, கொஞ்சம் இருமல், கொஞ்சம் தூக்கம். பிறகு மறுபடி.

அஸ்தமனத் தொழுகை அழைப்பு கேட்டபோது டாக்டர் வந்து முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். கேட்டார். இடம் மாற்றிக் கேட்டார். பாஸி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இடது அடிப்பக்கம் கொஞ்சம் திறந்திருக்கு. முழுசா இல்ல. காய்ச்சல் இருக்கு" என்றார். "இப்போதைக்குக் குழாய் வேண்டாம்."

"தப்பிச்சுட்டாளா?"

"இப்போதைக்குக் குழாய் வேண்டாம்னு சொன்னேன். ஒவ்வொரு மணிக்கும் இருமணும். நீங்க இல்ல. அவங்க."

மிலெம்பே வீட்டுக்குப் போக கிகம்போனி படகைப் பிடிக்க வேண்டும். கடை நாளைக்கு இருக்கிறது. "நாளைக்கு வர்றேன். அதுக்குள்ள செத்துத் தொலைச்சீன்னா புலாவுல கறி குறையக் கூடாது" என்றாள் ஸுஹுராவிடம். போகும்போது கூடையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இருவரும் மட்டும் இருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ கஞ்சி உறிஞ்சும் சத்தம். ஸுஹுராவின் மூச்சு காலையைவிட நீளமாக இருந்தது. ஆனால் முடிவில் ஒரு சின்ன கரகரப்பு. பாஸிக்கு அது கேட்டது. அடுத்த மணி நெருங்கியது.

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும். யோசித்தான். வாழ்க்கையில் ஒரு வேடிக்கைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஸுஹுரா, எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பையன். முக்கோணத்துக்கு எத்தனை பக்கம்னு கேட்டேன். அவன் சொன்னான்... இல்ல, மொதல்ல நான் கேட்டது சதுரம். சதுரத்தைத்தான் கேட்டேன்..."

ஸுஹுரா அவனைப் பார்த்தாள். சிரிப்பு வருவதற்கான எந்த அறிகுறியும் இல்லை.

"ஷானியப்பா."

"ம்?"

"போதும், சொல்லாதீங்க. தலையணையைக் குடுங்க. நானே இருமிக்கிறேன்."

அவன் கொடுத்தான். அவள் அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவன் அவள் கைகளின்மேல் தன் கைகளை வைத்து அழுத்தினான். அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். வலி வரும் இடம் வந்தது. நின்றாள். மறுபடி இழுத்தாள், அதைத் தாண்டி.

இருமினாள்.

பாஸி கையை எடுக்கவில்லை. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தான்.